அப்பா பத்தாவது படித்த வருஷம்

போன வாரம் நம்ம குரூப்பில் வந்த அந்தப் போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புளியங்காய் தின்றவள், இந்த வயதில் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கையில் சுருட்டிய பட்டத்தோடு நிற்கிறாள். அஞ்சல் வழியில் படித்தாளாம். பேரனைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தாளாம். ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை அனுப்பினீர்கள். நானும் வரிசையாக அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வயிறு எரிந்தது. உங்களிடம் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்?

பொறாமை என்னோடு கூடப் பிறந்தது, அது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டுச் சாம்பார் மணத்தாலும் எனக்கு ஆகாது. ஆனால் வயதான பிறகு படிக்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் ஒரு தனி ரகப் பொறாமை வரும். அது எங்கிருந்து வந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்த அந்த மத்தியானம் யோசித்துப் பார்த்தேன். என் பன்னிரண்டாவது வயதில் வந்தது. எங்கள் வில்லாபுரம் வீட்டில் என் அப்பா பத்தாம் வகுப்புப் படித்த வருஷத்தில் வந்தது. உங்களில் ஒருத்தியிடமும் இதை நான் சொன்னதில்லை. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய வில்லாபுரம் எப்படி இருந்தது தெரியுமா என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரே அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி துவைக்கும் கல். எப்போதாவது தலைக்கு மேலே விமானம் போனால் அவனியாபுரம் வரைக்கும் உள்ள அத்தனை பிள்ளைகளும் வாசலுக்கு ஓடுவோம். அவ்வளவுதான் வில்லாபுரம். எங்கள் அறையில் ஒரு நீல நிற டிரங்குப் பெட்டி இருந்தது. அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. சாயங்காலம் அதுதான் எனக்கு மேசை. உலையை வைத்துவிட்டு அம்மா வந்து பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்காருவாள். அவள் சேலையில் வெங்காயமும் மஞ்சளும் மணக்கும். அந்த முழங்காலில் சாய்ந்துகொண்டு நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த இடம் என்னுடையது. தம்பி தங்கை யாரும் இல்லை, போட்டிக்கு ஆளில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று இருந்தது. அம்மா பத்தாவது பாஸ்.

இதில் என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். அம்மா கீழக்குயில்குடிக்காரி. மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே போய்ப் படித்து, பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள். அப்பா பத்தாவது பெயில். அப்பாவுக்குப் பெண் பார்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் அத்தை வீடு. ஏற்கெனவே ஒரு பெண்ணை, பத்தாவது பாஸானவள் என்ற ஒரே காரணத்துக்காக அத்தை தட்டிக் கழித்திருந்தாள். "எந்தம்பி பெயிலு. பாஸான பொண்ணக் கட்டுனா நாளைக்கு அவன் தலையில மொளகா அரச்சுப்புடுவா" என்பது அத்தையின் கட்சி. இது கீழக்குயில்குடி வரைக்கும் எட்டியிருந்தது. அதனால் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு எம்புட்டுப் படிச்சிருக்கு?" என்று அத்தை கேட்டதும் என் தாய்மாமா சற்றும் யோசிக்காமல் "எட்டாவது" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது என்று எல்லோரும் படிப்பைக் கூட்டிச் சொல்லுவார்கள். எங்கள் அம்மா வீட்டில் குறைத்துச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அம்மா எட்டாவதாகவே இருந்தாள். வீட்டுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் "இதுல என்னங்க போட்டுருக்கு?" என்று அப்பாவிடம் நீட்டுவாள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார் அப்பா. அம்மா தலையாட்டினாள். ஆனால் எனக்குச் சோறு ஊட்டின பிறகுதான் மருந்து கொடுத்தாள். ஏன்மா என்று நான் கேட்டபோதுதான் அந்த ரகசியத்தைச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும்தேன். அத்தைக்குத் தெரிஞ்சா உங்க மாமாவக் கூப்பிட்டு வச்சு நடுத்தெருவுல கேப்பா. பொய் சொல்லிக் கட்டிக்கிட்டவள்னு எம்பேரு ஆயுசுக்கும் நிக்கும்." எனக்குக் காய்ச்சலே விட்டுவிட்டது. அம்மாவிடம் அப்பாவுக்குக்கூட இல்லாத ஒன்று எனக்கு இருக்கிறது என்ற நினைப்பை, வாயில் அடக்கிய நெல்லிக்காய் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பா கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூன். காக்கிச் சட்டையை அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அந்த ஆபீசில் ஒரு கிளார்க் வருஷக் கடைசியில் ரிட்டையர் ஆகப் போகிறார், பியூன்களில் பத்தாவது பாஸானவருக்கு அந்த இடம் என்று பேச்சு வந்தது. சர்வீஸில் அப்பாதான் மூத்தவர். ஆனால் பெயில். அவருக்கு அடுத்தவர் மேலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற ஓர் இளவட்டம். அவர் பாஸ்.

"நான் பைல் கட்டக் கத்துக்குடுத்த பய" என்று அப்பா சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து புலம்புவார். "கயிறு போடத் தெரியாம நின்னவன். நாளைக்கு அவன் சேர்ல உக்காந்து பெல்லடிப்பான், நான் ஓடிப்போயி டீ வாங்கிட்டு வரணுமா? அதுக்குப் பதிலா வைகையில விழுந்துரலாம்."

"வைகையில தண்ணி எங்கங்க இருக்கு, சாப்பிடுங்க" என்பாள் அம்மா.

அந்த மார்ச்சிலேயே அப்பா தனித்தேர்வராக எழுதிப் பார்த்தார். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டன. கணக்கு மட்டும் காலை வாரியது. இனி அக்டோபர் பரீட்சைதான் மிச்சம். அதில் கணக்குப் பாஸ் என்றால் நாற்காலி அப்பாவுக்கு. இல்லையென்றால் மேலூர்க்காரருக்கு.

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு டுடோரியலில் சேர்ந்தார். ஆபீஸ் விட்டு நேரே அங்கே போய் ஒன்பது மணிக்கு வீடு வருவார். அந்த நாட்கள் எனக்குச் சொர்க்கம். அம்மாவின் முழங்கால் முழுசாக எனக்கு. ஒரு மாதம் போனது. அம்மா தினமும், "இன்னிக்கு என்னங்க நடத்துனாங்க?" என்று கேட்பாள்.

"வட்டம்."

மறுநாளும் கேட்பாள். "வட்டம்."

"நேத்தும் வட்டம்னுதான சொன்னீங்க?"

"அது சின்ன வட்டம். இது பெரிய வட்டம்" என்று சொல்லிவிட்டு அப்பா மோரை ஊற்றிக்கொள்வார்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அவர் டுடோரியலுக்குப் போவதே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. என்ன நடந்தது என்பதை அப்பா எனக்கு வெகுகாலம் கழித்து, என் மகன் பத்தாவது எழுதியபோதுதான் சொன்னார். வகுப்பு முழுக்கப் பெயிலான பையன்கள். முதலில் அண்ணே என்றார்கள், பிறகு பெரியப்பா என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் பதில் தெரியாதவர்களை எல்லாம் வாத்தியார் பெஞ்சு மேல் ஏறச் சொல்லியிருக்கிறார். வாத்தியாருக்கு அப்பாவைவிடப் பத்து வயது குறைச்சல். "நீங்க வேணா கீழயே நில்லுங்க" என்று அவர் சொன்னதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. காக்கிச் சட்டையோடு தானும் ஏறி நின்றாராம். தலைக்குப் பக்கத்தில் ஃபேன் சுற்றியதாம். அன்றோடு சரி. பிறகு தினமும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, திருமங்கலம், மேலூர், நத்தம் என்று போர்டு மாறுவதைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வருவாராம். எனக்கு அப்போது இது தெரியாது. ஊர் சுற்றுகிறார் என்று நினைத்தேன். சுற்றட்டும் என்றும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மொச்சை உரித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். "அம்புட்டுத் தூரம் எதுக்குங்க போயிக்கிட்டு? வீட்டுலயே படிங்க. கைடு இருக்குல்ல? நீங்க சத்தமா வாசிங்க, நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன். சத்தமா வாசிச்சா மனசுல நிக்கும்பாங்க."

அப்பா ஏதோ பெரிய சலுகை கொடுக்கிறவர் மாதிரி, "செரி, பாக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் டிரங்குப் பெட்டிக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். பெட்டி மேல் கைடு, தகர காம்பஸ் பெட்டி, மரஸ்கேல். அம்மா அதே இடத்தில் அதே மாதிரி முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டோடு நின்றேன். அம்மா அடுப்படி வாசல் நிலையைக் காட்டினாள். "நீ அங்கன உக்காந்து எழுதுத்தா. நீதேன் கெட்டிக்காரியாச்சே, தானா படிச்சுக்குவ."

கெட்டிக்காரி என்ற வார்த்தையை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. யாராவது உங்களைக் கெட்டிக்காரி என்று சொன்னால், எதையோ உங்களிடமிருந்து பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நிலையில் உட்கார்ந்து நான் அந்த நாடகத்தைத் தினமும் பார்த்தேன். அப்பா வாசிப்பார். தப்பான இடத்தில் அம்மா மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்களோ?" என்பாள். அப்பா குனிந்து பார்ப்பார். "ஆமா, விட்டுட்டேன்." இன்னொரு இடத்தில், "எனக்கு என்ன தெரியும், அங்கன கூட்டல் போட்டிருந்த மாதிரி இருந்துச்சு." அப்பா அழித்துவிட்டுக் கூட்டல் போடுவார், விடை வந்துவிடும். உடனே தொடையில் தட்டி, "கண்டுபிடிச்சிட்டேன்டி!" என்பார். கண்டுபிடித்ததை அவளுக்கே விளக்குவார். "எட்டாவது படிச்ச உனக்கே புரியுற மாதிரி சொல்றேன், கவனமாக் கேளு" என்பார். அவளும் கண்ணை விரித்துக்கொண்டு, "அப்படியாங்க?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தகம் திறந்திருக்கிறவரைக்கும் அது புத்தகம் சொல்லிக்கொடுத்த பாடம். அம்மா சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

அவருக்கு மட்டும் முட்டை அவித்தாள். டேபிள் ஃபேன் அவர் பக்கம் திரும்பியது. முன்பெல்லாம் என் பென்சிலை அரிவாள்மனையில் சீவிக்கொடுப்பாள், இப்போது அவருடையதைச் சீவினாள். ஒருநாள் வேண்டுமென்றே என் பென்சிலை உடைத்துக்கொண்டு போய் நின்றேன். "அப்பாட்ட வாங்கிக்க, ரெண்டு வச்சிருக்காரு" என்றாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய ஆம்பளை, மீசை வைத்தவர், வேலைக்குப் போகிறவர், என் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்படித்தான் அப்போது கேட்டுக்கொண்டேன். அவர் அவளுடைய புருஷன் என்பது எனக்கு ஒரு பதிலாகவே தோன்றவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் காலையில் கணக்குப் பரீட்சை. அப்பா வீட்டு வழக்கம் கொஞ்சம் கடுமை. சரஸ்வதிக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமி சாயங்காலம் விளக்கேற்றி, வீட்டுக்கு மூத்தவள் கையால்தான் எடுக்க வேண்டும். மூத்தவள் என்றால் அத்தை. அதுவரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது.

"ஒரே ஒரு புத்தகத்த வச்சாப் போதும்ங்க" என்று அம்மா சொன்னாள். "தமிழ்ப் புத்தகத்த வைப்போம். கணக்க வெளிய வச்சுக்கங்க."

அப்பா ஆபீசில் டைப்ரைட்டருக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு பக்தி முற்றிப்போய் வந்திருந்தார். "சாமிக்கே கணக்குக் காட்டாம ஒளிச்சு வைக்கச் சொல்றியா? எல்லாத்தையும் வையி. அந்தத் தாயி எல்லாப் பக்கத்தையும் பாக்கட்டும்" என்று கைடு, டெக்ஸ்ட் புத்தகம், போட்டுப் பார்த்த கணக்குத் தாள்கள், காம்பஸ் பெட்டி, பேனா, பென்சில், ரப்பர் வரைக்கும் டிரங்குப் பெட்டி மேல் அடுக்கி, அம்மாவின் பட்டுச்சேலையால் மூடி, அதன் மேல் மல்லிகைச் சரத்தைப் போட்டு, உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் விழுந்து கும்பிட்டதைப் பார்த்தால் மேலூர்க்காரரே இறங்கி வந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

சுண்டல் தின்று முடித்த பிறகு பயம் வந்தது. அப்பா சுவரில் சாய்ந்து முணுமுணுத்தார். எழுந்து நடந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

"அந்தத் தொடுகோட்டுத் தேற்றம்" என்றார். "வராம இருக்காது. அஞ்சு மார்க்கு. பாதி வரைக்கும் வருது, அப்பறம் புகைமாதிரிப் போயிருது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்?"

அம்மா பூஜையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாசல் மாடத்திலிருந்து கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து வந்து அறை நடுவில் உட்கார்ந்தாள்.

"எழுதக் கூடாது!" என்று நான் நிலையிலிருந்து கத்தினேன்.

"கோலம் போடலாம்ல?" என்றாள் அம்மா.

பூஜைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். பூக்கட்டும் நாரின் ஒரு நுனியைப் பாக்கோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைப் பிடித்தபடி மாவை இழைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அச்சாக ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அதிலிருந்து வட்டத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு கோடு. கோடு வட்டத்தைத் தொடுகிற இடங்களில் ஒவ்வொரு செவ்வந்திப் பூ. எழுத்து எழுதக் கூடாதே, அதனால் பழமும் பூவும்.

"பாக்குலருந்து ரெண்டு பூவுக்கும் கோடு போடுறேன். ரெண்டும் என்னது?"

"ஆரம்" என்றார் அப்பா.

"அப்ப சமமா, இல்லையா?"

"சமம்."

"பூக்கிட்ட எம்புட்டு டிகிரி?"

"தொண்ணூறு."

"பழத்துலருந்து பாக்குக்கு ஒரு கோடு. இது ரெண்டு முக்கோணத்துக்கும் பொது. அப்ப?"

அப்பா குனிந்து பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை குங்குமத்தோடு சேர்ந்து இறங்கியது. "அப்ப... ரெண்டு முக்கோணமும் ஒண்ணுதேன். அப்ப பழத்துலருந்து இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் போற கோடு ரெண்டும் சமம். அம்புட்டுத்தானா? அட, இம்புட்டுத்தானா!" தொடையில் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது.

"புத்தகந்தான் உள்ள இருக்கே" என்றார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அம்மா விரலில் ஒட்டிய மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாசிச்சதக் கேட்டுக் கேட்டே பாடமாயிருச்சோ?" என்றார் அப்பா. அவராகவே எடுத்துக் கொடுத்த பதில். ஆமாங்க என்று ஒரு தலையாட்டல் போதும். தலையாட்டும்மா, தலையாட்டு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அது என்னுடைய ரகசியம், அதைக் கொடுத்துவிடாதே.

"இல்லங்க" என்றாள் அம்மா. "நான் பத்தாவது பாஸ்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கணக்குல தொண்ணூத்திரண்டு."

அவள் ஏன் சொன்னாள் என்று பல வருஷம் எனக்குப் புரியவில்லை. அப்பா மேல் உள்ள பாசத்தில், பொய்யே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னுடைய தேற்றத்தை இன்னொருவர் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லித் தொடையில் தட்டுவதை எத்தனை மாதம்தான் மொச்சை உரித்துக்கொண்டே பார்ப்பது? அவளுக்கும் வயிறு எரிந்திருக்கும். தொண்ணூற்றிரண்டைச் சொல்லும்போது அவள் குரலில் அது இருந்தது. என் பொறாமை யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

அப்பா எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். கடைசியில், "அந்த மருந்து பாட்டில நான் சாப்பாட்டுக்கு முன்னாடின்னு வாசிச்சேனே..." என்றார்.

"பின்னாடிதேன் குடுத்தேன்."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஓடிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்காகக் காத்திருந்த அந்த முழங்காலில் தலையைச் சாய்த்தேன். அவள் கை என் தலையில் இருந்தது. கண் வாசலில் இருந்தது. "அப்பா இனிமே படிக்க மாட்டாராம்மா?" என்று கேட்டேன். அவளுக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். "சும்மா இருடி" என்றாள். முழங்கால் கிடைத்தும் நான் அன்றைக்குத் தனியாகத்தான் இருந்தேன்.

கோபித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குத்தான் போயிருப்பார், அத்தை வந்து கத்தப்போகிறாள் என்று அம்மா பயந்தாள். ஆனால் அப்பா தெருமுனை டீக்கடை வரைக்கும்தான் போயிருக்கிறார். திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். வட்டத்தை மிதிக்காமல் சுற்றி வந்து அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த தேற்றத்தப் போடு" என்றார். "இனிமே நான் வாசிக்கல. நீ சொல்லு, நான் கேக்குறேன்."

அன்றைக்கும் மறுநாளும் எங்கள் வீட்டுத் தரை பூராவும் வட்டமும் முக்கோணமும்தான். பழம் போதாமல் கத்தரிக்காய் வைத்தார்கள். தப்புச் சொன்னால் அம்மா அப்பாவின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அம்மா அப்படிச் சிரிப்பாள் என்றே எனக்கு அதுவரை தெரியாது. கிறுக்குப் பிடித்தவள் மாதிரி நான் பின்கட்டில் போய்த் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். யாரும் தேடி வரவில்லை. விஜயதசமி சாயங்காலம் அத்தை வருகிற சத்தம் கேட்டு இரண்டு பேரும் விழுந்தடித்துத் தரையைக் கழுவிவிட்டார்கள். "என்னத்தா, வெளக்கு வைக்கிற நேரத்துல தரைய ஈரமாக்கி வச்சிருக்க?" என்றாள் அத்தை. கொல்லென்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பரீட்சை முடிந்து அப்பா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "வந்துச்சுடி! எலுமிச்சம்பழம் வந்துச்சு!" பார்த்தவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்க் ஷீட் வந்தபோது முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அந்த அஞ்சு மார்க்குத் தேற்றம் இல்லாவிட்டால் நாற்காலி இல்லை, இது கணக்குத் தெரியாதவர்களுக்குக்கூடப் புரியும். தையில் அப்பா கிளார்க் ஆனார். காக்கியைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷமே வேறொரு செக்‌ஷனில் இடம் காலியாகி மேலூர்க்காரரும் கிளார்க் ஆகிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே டிபன் கேரியரில் சாப்பிட ஆரம்பித்தார்கள். இதற்குத்தானா அம்புட்டு வயிற்றெரிச்சல் என்று அம்மா சிரிப்பாள்.

மார்க் ஷீட் வந்த அன்றைக்கே அத்தை ஒரு டப்பா அல்வாவோடு வந்துவிட்டாள். அப்பாவுக்குத் திருஷ்டி கழித்து, வாயில் அல்வாவை ஊட்டிவிட்டு, அந்த நீலப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "எங்க அய்யா வாய்க்கணக்குல புலி. அந்த ரத்தம் எங்க போகும்? எல்லாம் நான் பாத்துக் கட்டி வச்ச ராசி. எட்டாவது படிச்ச பிள்ளையா இருக்கவும், குறுக்க பேசாம ஒதுங்கி இருந்தா. எந்தம்பி மேல வந்துட்டான்."

அம்மா அடுப்படி நிலையில் காப்பித் தம்ளரோடு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா வாயில் அல்வாவோடு, நினைக்காமல் சொல்லிவிட்டார். "நானாக்கா படிச்சேன்? இவதேன் சொல்லிக்குடுத்தா."

அத்தையின் சிரிப்பு நின்றது. "எட்டாவது படிச்சவ பத்தாவதுக் கணக்கச் சொல்லிக்குடுத்தாளாக்கும்?" திரும்பி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏத்தா, நெசத்தச் சொல்லு. நீ எம்புட்டுப் படிச்ச?"

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். மாமாவைக் கூப்பிட்டு நடுத்தெருவில் நிறுத்தப்போகிறாள், அம்மாவைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொல்லப்போகிறாள். அம்மாவுக்காக நான் பேச வேண்டும், நான்தான் பேச வேண்டும் என்று முன்னால் வந்து நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமலேயே வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"பத்தாவது பாஸ். தொண்ணூத்திரண்டு மார்க்கு" என்றார். அல்வாவை நிதானமாக மென்று விழுங்கினார். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்க்கா. நாந்தேன் அவுக அண்ணன்கிட்ட எட்டாவதுன்னு சொல்லச் சொன்னேன். உள்ளதச் சொல்லியிருந்தா நீ இந்தப் பொண்ணக் கட்ட விட்டிருப்பியா?"

அத்தை கையில் கிடைத்த விசிறியால் அப்பாவின் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "அடக் கள்ளப்பயலே! பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே கவுந்துட்டியாடா? கூடப்பிறந்தவகிட்டயே பொய் சொல்ல வச்சிருக்கியே, வெக்கங்கெட்டவனே!" கோபம் முழுக்க அப்பா மேல் போயிற்று. அம்மா மேல் ஒரு துளி விழவில்லை. அப்பா அடியை வாங்கிக்கொண்டு, முழுப்பொய் சொன்ன வாயில் இன்னொரு துண்டு அல்வாவைப் போட்டுக்கொண்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறுவது, நான் நிற்பது, அத்தை கத்துவது எதுவும் அவள் கவனத்தில் இல்லை. நான் அதற்குப் பிறகு எத்தனையோ படித்தேன், பட்டம் வாங்கினேன், ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சந்தோஷப்படுவாள், தலையைத் தடவுவாள். அந்தப் பார்வை மட்டும் எனக்கு வந்ததில்லை. நான் நூற்றுக்கு நூறு வாங்கியும் எனக்குக் கிடைக்காததை அந்த மனுஷன் முப்பத்தெட்டு மார்க்கில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.